மைனஸ் இரவுகளும் மேப்பிள் பாணி காய்ச்சும் தட்டுகளும்

மேப்பிள் மரம் சாறு விடவேண்டுமென்றால் இரவு உறைய வேண்டும், பகல் இளக வேண்டும். இரவு மைனஸ் 5, மறுநாள் மத்தியானம் பிளஸ் 5 என்று மாறிமாறி வந்தால்தான் மரத்தில் அடித்த குழாயால் சாறு ஓடும். கனடாவின் கிழக்கு ஒன்ராறியோவில், நாங்கள் இருக்கும் லனார்க் பக்கம், இது பெரும்பாலும் மார்ச்சில் தொடங்கி ஏப்ரல் நடுப்பகுதியோடு முடிந்துவிடும். சாற்றைக் கொண்டுவந்து தருவதும் குளிர்தான், அதைப் பாணியாக, அதாவது சிரப்பாக, காய்ச்சும் தட்டைப் பிளப்பதும் அதே குளிர்தான். குளிர் வேண்டாம் என்று இந்தத் தொழிலில் யாரும் வேண்டிக்கொள்ள முடியாது.

நான் ஒவ்வொரு வசந்தமும் பக்கத்துப் பண்ணையொன்றின் காய்ச்சும் கொட்டிலில் வேலை செய்கிறேன். பண்ணைக்காரர் தன் தகப்பனிடம் பழகியவர். எனக்குப் பழக்கியது அவர். இப்போது ரொறன்ரோவை விட்டு வெளியே காணி வாங்கி வரும் எங்கட ஆக்களில் சிலர், இருபது முப்பது மரத்தில் துளை போட்டு, சின்ன அடுப்பொன்று வைத்துத் தாங்களே காய்ச்சுகிறார்கள். கடுங்குளிர் வரப்போகிறது என்று அறிவித்த பின்னேரங்களில் அவர்களிடமிருந்து போன் வரும். "அண்ணை, இரவைக்கு மைனஸ் பன்னிரண்டாம். தட்டில சாறு கிடக்கு. அப்பிடியே விடலாமோ, இறக்கவோ?" நான் திருப்பிக் கேட்பேன்: அடுப்பு எப்போது அணைந்தது? உள்ளே செங்கல் கட்டியிருக்கிறதா? நாளைக்கும் காய்ச்சுவீர்களா? தட்டுக்கு மடிப்பு இருக்கிறதா, வெறும் தட்டையா? இந்த நாலுக்கும் விடை தெரியாமல் இறக்கு (சாற்றை வடித்துத் தட்டை வெறுமையாக்கு) என்றோ விடு என்றோ சொல்ல முடியாது. அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் அடுப்பு. விறகில் எரியும் நீளமான அடுப்பின் மேல் இரண்டு தட்டுகள் இருக்கும். புகைபோக்கிப் பக்கம் இருப்பது பின்தட்டு. அதன் அடியில் ஒடுங்கிய, ஆழமான மடிப்புகள் வரிசையாக இருக்கும்; நெருப்பு அந்த மடிப்புகளுக்கு நடுவால் ஓடும்போது சூடுபடும் பரப்பு பல மடங்கு கூடும். நெருப்பு வாசல் பக்கம் இருப்பது முன்தட்டு. அது தட்டையானது, நடுவில் தடுப்புகள் வைத்து வாய்க்கால்களாகப் பிரித்திருக்கும். தாங்கியிலிருந்து வரும் சாறு மிதவைப் பெட்டி (தட்டில் சாற்றின் மட்டத்தைத் தானாகக் காக்கும் பெட்டி) வழியாகப் பின்தட்டுக்குள் வந்து, இணைப்புக் குழாயால் முன்தட்டுக்குப் போய், வாய்க்கால் வாய்க்காலாக நகர்ந்து, கடைசி வாய்க்காலில் பாணியாகும். மரத்திலிருந்து வரும் சாற்றில் சீனி ஏறத்தாழ 2 சதவீதம். பாணியில் 66, 67 சதவீதம். 1 லீற்றர் பாணிக்கு 40 லீற்றர் சாறு என்று இங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு அதனால் வந்தது. யாழ்ப்பாணத்தில் கருப்பநீர் காய்ச்சிப் பனங்கட்டி போட்டவர்களுக்கு அடுப்பு வேலை புதிதாக இருக்காது, அதே பொறுமையும் அதே விறகும்தான். ஆனால் அணைத்த அடுப்பின் மேல் விட்டுவிட்டு வந்தது விடியுமுன் கல்லாகிவிடும் என்ற பயம் அங்கே ஒருவருக்கும் இருந்ததில்லை.

தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பருக்கிறது. இதை எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் எந்த இடம் உடையும் என்று கேட்டால் பெரும்பாலானோர் பெரிய, அகலமான தட்டைத்தான் காட்டுவார்கள். உண்மையில் மேலே திறந்து, ஆழம் குறைந்து கிடக்கும் தட்டு பெரும்பாலும் தப்பிவிடும். பருத்த ஐஸ் மேல்நோக்கி எழ அதற்கு இடம் இருக்கிறது. எழ இடமில்லாத மூலைகள்தான் உடைவது. மடிப்பின் அடி, மிதவைப் பெட்டி, இணைப்புக் குழாய், வால்வின் வயிறு, தட்டின் மேல் நீராவி மூடிக்குள் ஓடும், சாற்றை முன்சூடாக்கும் குழாய்கள், நிலை பார்க்கும் கண்ணாடிக் குழாய். பின்தட்டின் மேற்பரப்பு முதலில் உறைந்து இரண்டு பக்கச் சுவரோடும் ஒட்டிக்கொள்ளும். பிறகு கீழே மடிப்புக்குள் அகப்பட்ட சாறு உறையத் தொடங்கும். மேலே மூடி, கீழே தகடு. பக்கவாட்டில் தள்ளுவதைத் தவிர அதற்கு வழியில்லை. மடிப்பின் சுவர் வயிறு தள்ளுவதும், அடியில் ஒட்டுப் பிரிவதும் இப்படித்தான்.

இன்னொன்று, தட்டு முழுவதும் ஒரே நேரத்தில் உறைவதில்லை. சீனி கூடக்கூட உறையும் புள்ளி கீழே இறங்கும். 2 சதவீதச் சாறு தண்ணீரைப் போலவே மைனஸ் 0.1 பாகையளவில் உறையத் தொடங்கிவிடும். முன்தட்டின் நடு வாய்க்காலில் 30 சதவீதம் இருந்தால் அது மைனஸ் 2, 3 வரை தாங்கும். கடைசி வாய்க்காலில் பாணிக்குக் கிட்ட வந்தது, வீட்டு பிரீசரில் வைத்தாலும் கட்டியாகாது. ஆக, சீனி மிகக் குறைந்த சாறு நிற்பது பின்தட்டில். ஒடுங்கிய மடிப்புகள் இருப்பதும் பின்தட்டில். முதலில் உறைவதும் முதலில் உடைவதும் ஒரே இடம். நேரம் இல்லை, ஒன்றைத்தான் இறக்கலாம் என்ற நிலை வந்தால் யோசிக்காமல் பின்தட்டை இறக்குங்கள். சவ்வு இயந்திரத்தால் சாற்றை முன்கூட்டியே 8, 10 சதவீதத்துக்குக் கொண்டுவருபவர்கள் அதை நம்பி இருந்துவிடக் கூடாது. அந்தளவு சீனி ஒரு பாகையைக்கூட மிச்சம் பிடித்துத் தராது. அந்த இயந்திரத்தின் சவ்வும் உறைந்தால் போய்விடும், அதற்குச் சூடான அறை கட்டாயம்.

எங்கள் கொட்டிலில் நாங்கள் பார்க்கும் அளவை சொல்கிறேன். இது தடித்த தீச்செங்கல் கட்டிய அடுப்புக்கு உரியது. அன்று இரவு வரை காய்ச்சியிருந்து, மறுநாளும் காய்ச்சப் போகிறோம், குளிர் மைனஸ் 4, 5க்குக் கீழே போகாது என்றால் தட்டுகளில் சாற்றை விட்டுவிடுவோம். செங்கல்லின் சூடு விடியும்வரை போதும். காலையில் மேலே கண்ணாடித் தாள் போல மெல்லிய படலம் இருக்கலாம், விரலால் தொட்டால் உடையும். மைனஸ் 8 வரை என்றால் தட்டில் விட்டாலும் மிதவைப் பெட்டி, தாங்கிக் குழாய், வால்வுகள் எல்லாவற்றையும் வடித்துவிடுவோம். அவை செங்கல்லின் சூடு எட்டாத இடத்தில், வெளியே நீட்டிக்கொண்டிருப்பவை. மைனஸ் 10ஐத் தாண்டினால், அல்லது இரண்டு நாளைக்குக் காய்ச்சல் இல்லை என்றால், முழுவதையும் இறக்கிவிடுவோம், பேச்சே இல்லை. சீமெந்துக் கல் அடுக்கி மேலே தட்டு வைத்த வீட்டு அடுப்புக்கு இந்த அளவு பொருந்தாது. அது அணைந்து இரண்டு மூன்று மணித்தியாலத்தில் வெளிக்குளிரோடு சேர்ந்துவிடும். அப்படிப்பட்ட அடுப்பை வைத்திருப்பவருக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: இறக்குங்கள்.

மின்சார ஹீட்டரை அடுப்பு வாய்க்குள் வைத்துவிட்டு நித்திரைக்குப் போகலாமா என்றும் கேட்பார்கள். உதவிக்கு வைக்கலாம், அதை நம்பி நிறைந்த தட்டை விட்டுப் போகாதீர்கள். 1998 ஜனவரிப் பனிமழையில் இந்தப் பகுதிகளில் சில இடங்களுக்கு வாரக்கணக்காக மின்சாரம் இல்லை. மரங்களே கிளை முறிந்து விழுந்த காலம் அது. அவ்வளவு பெரியதாக வரத் தேவையில்லை, இரவில் நாலு மணித்தியாலம் கரண்ட் நின்றாலே போதும்.

இறக்குவது என்று முடிவெடுத்தால் அதற்கும் ஒரு நேரம் இருக்கிறது. பலர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். விறகு எரிந்து முடிந்தாலும் செங்கல் கனன்றுகொண்டே இருக்கும். அந்தச் சூட்டில் தட்டை வெறுமையாக்கினால், ஒட்டிக்கொண்டிருக்கும் சீனிப் படலம் கருகும், தகடு நெளியும். தட்டில் சாறு இருக்கும்வரை தகட்டின் சூடு 100 பாகையை அண்டித்தான் நிற்கும். சாறு இல்லாவிட்டால் அதற்கு வரம்பில்லை. பழைய தட்டுகளை ஒட்டிய ஈயக் கலவை 183 பாகையில் உருகத் தொடங்கும். நெருப்புக்கு அது ஒன்றுமே இல்லை. ஆகவே கொதி முற்றாக அடங்கி, அடுப்பு வாய்க்குள் கையை நீட்டினால் பொறுக்கக்கூடிய அளவுக்குச் சூடு தணிந்த பிறகே இறக்க வேண்டும். அதே நேரம் உறைவதற்கு முன் இறக்க வேண்டும். குளிர் நாளை இரவுதான் என்றால் இன்றிரவு நிம்மதியாகப் படுத்து, காலையில் எழுந்து இறக்கலாம். இன்றிரவே என்றால் பின்னேரம் நாலு, ஐந்து மணிக்கே கடைசி விறகைப் போட்டு முடித்துவிட வேண்டும். குளிர் வருகிறது என்று தெரிந்தும் இரவு பத்து மணி வரை காய்ச்சிக்கொண்டிருப்பது நல்லதல்ல.

அடுப்பை அணைத்ததும் வெளிக்கிட்டுப் போகவும் கூடாது. செங்கல்லின் சூட்டில் சாறு தொடர்ந்து வற்றும். நாங்கள் மிதவையைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, மட்டத்தை வழமையைவிட ஓர் அங்குலம் கூட்டிவிட்டு, கொதி நிற்கும்வரை பக்கத்திலேயே இருப்போம்.

இறக்கும்போது எல்லாவற்றையும் ஒரே பீப்பாவுக்குள் ஊற்றாதீர்கள். முன்தட்டின் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு மூடியுள்ள வாளி, உணவுக்குப் பாவிக்கத்தக்க வாளி, வெளியே இலக்கம். பின்தட்டுச் சாறு வேறாக. வாய்க்காலுக்கு வாய்க்கால் சீனி கூடிவர, நாள் முழுக்க விறகு எரித்து உண்டாக்கிய படிமுறை அது. ஒன்றாகக் கலந்தால் அத்தனையும் வீண், மறுபடி பாணி எடுக்க அரை நாள் போய்விடும். வாளிகளைக் கொட்டிலின் வடக்குப் பக்கத்தில் பனிக்குள் புதைத்து வைத்தால் குளிர் நிற்கும்வரை கெடாது. ஆனால் திரும்ப ஊற்றும்போது ஒரு கவனம் வேண்டும். வாளிக்குள் பாதி உறைந்து பாதி நீராக இருக்கும். உறைந்த பகுதி பெரும்பாலும் வெறும் தண்ணீர். சீனி அடியில் நிற்கும் நீரில் கூடிவிடும். அல்கொன்குவின் அனிஷினாபே மக்களின் நிலம் இது. உலோகப் பாத்திரங்கள் வருவதற்கு முன்பே, இந்தப் பகுதிப் பூர்வகுடிகள் சாற்றின் மேல் உறைந்த ஐஸை எடுத்து எறிந்தே சீனியைச் செறிவாக்கியிருக்கிறார்கள். மரத்தடி வாளிகளில் மேலே மிதக்கும் ஐஸை நாங்களும் எறிந்துவிடுவோம், விறகு மிச்சம். ஆனால் இலக்கமிட்ட வாளியில் அப்படிச் செய்து, மிஞ்சிய நீரை மட்டும் தட்டில் ஊற்றினால், நினைத்ததைவிட மிகத் தடித்தது உள்ளே போகும், அடிப்பிடிக்கும். முழுவதும் இளகவிட்டு, கலக்கி, பிறகு ஊற்றுங்கள்.

தட்டு வெறுமையானதும் வேலை முடிந்ததென்று தோன்றும். டோர்ச் லைட்டோடு குனிந்து பாருங்கள். மடிப்பு அடியில் வடிகுழாய்க்குக் கீழே ஒரு விரல் தடிப்புக்குச் சாறு நிற்கும். அதைப் பஞ்சால் ஒற்றியோ, ஈரம் இழுக்கும் வக்யூமாலோ எடுக்கலாம். அந்தளவு மிஞ்சினால் உடைவதில்லை, இடம் இருக்கிறது, ஆனால் எடுத்துவிட்டால் காலையில் வேலை சுலபம். பிறகு உருண்டை வால்வுகள். வடித்துவிட்டு முழுவதும் மூடினாலும் முழுவதும் திறந்தாலும் உருண்டைக்கும் உறைக்கும் நடுவில் கொஞ்சம் நீர் அகப்பட்டு நிற்கும். பித்தளையைக் கூட அது பிளக்கும். கைப்பிடியை அரைவாசியில், 45 பாகையில், நிறுத்திவிட்டுப் போங்கள். உள்ளே நிற்பது வெளியே ஒழுகிவிடும். பம்புகளுக்கும் அடியில் வடிகட்டை இருக்கும், அதைக் கழற்றி பம்பின் மேலேயே வைத்துவிட்டுப் போவது என் பழக்கம், காலையில் தேட வேண்டியதில்லை. கடைசியில் தட்டின் மேல் பலகை போட்டு, மேலே ஒரு பழைய போர்வை. கூரையில் நீராவி போகும் கதவையும் இழுத்து மூட வேண்டும். அது திறந்து கிடந்தால் இரவில் விழும் பனி நேராகத் தட்டுக்குள்தான் விழும்.

இனி காலை. நான் கண்டவரை, இரவுக் குளிரில் கெட்ட தட்டுகளைவிடக் காலை அவசரத்தில் கெட்டவைதான் அதிகம். தாங்கியில் சாறு நிரம்பி வழியும், வெயில் வந்துவிடும், மனம் பரபரக்கும். உறைந்த தட்டின் கீழே நெருப்பை மூட்டிவிடுவார்கள். மேலே ஐஸ் தெரிகிறது, கீழே என்ன நடக்கிறதென்று தெரியாது. ஐஸ் தகட்டைவிட்டு விலகிய இடத்தில் உலோகம் காய்ந்து கருகும். இணைப்புக் குழாய் இன்னும் அடைத்திருந்தால் முன்தட்டுக்குச் சாறு போகாது. நன்றாக எரியும் விறகடுப்பில் ஓர் அங்குலச் சாறு இருபது நிமிடத்துக்குள் வற்றிவிடும். மிதவை மூடியபடி உறைந்திருந்தால் பின்தட்டும் வற்றும். திறந்தபடி உறைந்திருந்தால் உள்ளே இருப்பதெல்லாம் பச்சைச் சாற்றால் நிரம்பிப் படிமுறை குழம்பும்.

நான் மூன்று விஷயம் பார்க்காமல் தீக்குச்சி எடுப்பதில்லை. ஐஸ் எல்லாம் தகட்டைவிட்டுக் கழன்று தானாக மிதக்க வேண்டும், மடிப்புகளுக்குள்ளும். மிதவையை விரலால் அழுத்தினால் தாழ்ந்து, விட்டால் எழ வேண்டும். பின்தட்டில் ஒரு வாளி சாறு ஊற்றினால் முன்தட்டின் மட்டம் உயர வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம், குழாய் திறந்திருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி இல்லை. அதுவரைக்கும் அடுப்பு வாய்க்குள் ஹீட்டரை வைத்து, கதவைச் சாத்தி, மிதவைப் பெட்டிக்கு வெளிப்பக்கமாகச் சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பேன். கோடாலிப் பிடியால் ஐஸைக் குத்துவது, ஒட்டின் மேல் காஸ் டோர்ச் பிடிப்பது இரண்டும் வேண்டாம். அதற்குப் பிறகும் முதலில் சுள்ளி நெருப்புத்தான். சத்தம் சீராக வந்ததும் விறகு.

சில வருடத்துக்கு முன் தெருவுக்கு அப்பால் இருக்கும் கொட்டிலொன்றுக்கு உதவிக்குப் போனேன். வார இறுதியில் காய்ச்சிவிட்டு, நல்ல வெயில் வரும் என்று நம்பித் தட்டுகளை நிரப்பியபடியே விட்டிருந்தார்கள். வெயில் வரவில்லை, மைனஸ் 15 வந்தது. கொட்டிலுக்குள் போகும்போது நெருப்பு மூட்டியாகிவிட்டது. பார்க்க எல்லாம் சரி. ஆனால் அடுப்புக்குள் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் விடாமல் கேட்டது. விறகு ஈரம் என்றார்கள். அடுப்புக் கதவைத் திறந்தபோது சீனி கருகும் மணம் முகத்தில் அடித்தது. மடிப்பொன்றின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சாறு கனலில் விழுந்துகொண்டிருந்தது. விறகை வெளியே இழுத்துப் போட்டு, பச்சைச் சாற்றை ஊற்றி ஊற்றி மட்டத்தைப் பிடித்து, அடுப்பு ஆறும்வரை ஆளுக்காள் வாளி தூக்கினோம். மாலையில் தட்டைக் கழற்றித் திருப்பியபோது மூன்று மடிப்புகள் நடுவில் வீங்கியிருந்தன. ஒட்டு ஒரு சாண் நீளத்துக்குத் தலைமயிர் அளவு பிரிந்திருந்தது. அந்த வருடம் அவர்களுக்கு அத்தோடு முடிந்தது. மிச்சச் சாற்றை எங்கள் தாங்கிக்குக் கொண்டுவந்து காய்ச்சிக் கொடுத்தோம்.

உறைந்த சந்தேகம் கொஞ்சம் இருந்தாலும் நெருப்பில்லாமல் சோதிக்கலாம். தட்டில் குளிர்ந்த தண்ணீரை நிரப்புங்கள், அடுப்புக்குள் காய்ந்த பத்திரிகைத் தாளை விரியுங்கள், ஒரு மணித்தியாலம் விடுங்கள். தாளில் ஈரப்புள்ளி விழுந்தால் எந்த மடிப்பு என்றும் தெரிந்துவிடும். வருடத் தொடக்கத்தில் முதல் சாறு வருமுன் இதைச் செய்வதை நாங்கள் விடுவதேயில்லை.

காய்ச்சல் முடிந்த பிறகும் ஆபத்து ஒன்று உண்டு. தட்டில் படிந்த கல்லைக் கழற்ற, கடைசிச் சாற்றை அப்படியே புளிக்கவிட்டோ வினாகிரி விட்டோ சில நாட்கள் ஊறப் போடுவோம். ஏப்ரல் கடைசியிலும் இங்கே உறையும் இரவுகள் வரும், அதற்குள் எல்லோருக்கும் தோட்டத்தில் நினைவு போய்விடும். ஊறல் கிடக்கும்வரை காலநிலையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கழுவியதும் தட்டைக் கழற்றித் திருப்பி, அடிப்பக்கம் மேலே வரக் கவிழ்த்து வைத்தால் குளிர்காலத்தில் ஒரு துளியும் நிற்காது. புகைபோக்கியின் வாய்க்கும் மூடி போடுங்கள்.

பிளந்த தட்டைத் திருத்துவது பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்ரெயின்லெஸ் தட்டு, வெல்டிங்கால் ஒட்டியது என்றால், உணவுப் பாத்திர வேலை தெரிந்த வெல்டரிடம் கொடுக்கலாம். வீங்கிய மடிப்பைத் தட்டி நேராக்கி ஒட்டித் தருவார், பிறகும் பல வருடம் பாவிக்கலாம். தகரத் தட்டு, 1990களின் நடுப்பகுதிக்கு முன் செய்தது, ஒட்டில் சாம்பல் நிறமாகக் கலவை தெரிகிறது என்றால் அதில் ஈயம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மலிவாக வருகிறதென்று எங்கட ஆக்கள் பண்ணை ஏலங்களில் இதைத்தான் வாங்குகிறார்கள். 40 லீற்றரை 1 லீற்றராக வற்றவைக்கும் வேலையில், சாற்றுக்குள் போன ஈயமும் அப்படியே செறிந்து பாணியில் நிற்கும், அதைப் பிள்ளைகள்தான் பான்கேக்கில் ஊற்றிச் சாப்பிடுவார்கள். அப்படிப்பட்ட தட்டு உறைந்து பிளந்தால் மேலே இன்னொரு ஒட்டுப் போடாதீர்கள். பழைய உலோகம் எடுக்கும் இடத்தில் கொடுத்துவிட்டு, சின்னதாக இருந்தாலும் ஸ்ரெயின்லெஸ் தட்டு ஒன்று வாங்குங்கள்.